பலகையில் 21, பையன் கையில் போத்தல்

சபாக் பெர்ணம் தொடங்கிக் கோலசிலாங்கூர் வரைக்கும் ஐந்தாம் எண் சாலையில் மதுபானம் விற்கும் கடைகளில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருப்பதைத் தொழிலாளத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். 21 வயது நிரம்பாதவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து இந்நாட்டில் இதுவே சட்டம். அதற்கு முன்பு 18 என்று இருந்தது. 2016-இல் உணவு ஒழுங்குமுறை விதிகளைத் திருத்தி, கடைக்காரர்களுக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசமும் கொடுத்து, பிறகுதான் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். ஆகவே, "எங்களுக்குத் தெரியாதுங்க" என்று இன்றைக்கு எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது.

சட்டம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை. பாகான் நக்கோடா ஓமார் பக்கத்துத் தேநீர்க் கடையானாலும் சரி, கோயில் திடலானாலும் சரி, இளைஞர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். "பதினெட்டு வயசுல ஓட்டுப் போடலாம், கல்யாணம் கட்டலாம், கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடலாம். ஒரு டின் பீர் மட்டும் வாங்கக் கூடாதா? இது என்னண்ணே நியாயம்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் சாரம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் 18 வயது நிரம்பியவர் முழு ஆள். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் அரசியல் சாசனத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுக்கு வயது இறங்குகிறது, பீருக்கு வயது ஏறுகிறது. இளைஞர்களுக்கு இது முரணாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

"பெரியவங்க சொன்னா கேட்டுக்கோ" என்று அதட்டி இந்தக் கேள்வியை மூடிவிட நாம் விரும்பவில்லை. பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவதாக, சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதை வைப்பதில்லை. மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 16-இல் எடுக்கலாம், கார் லைசென்சுக்கு 17 ஆக வேண்டும். கெந்திங் மலையில் சூதாட்டக் கூடத்துக்குள் நுழைய 21 ஆக வேண்டும். அந்த அந்தக் காரியத்தில் இருக்கிற ஆபத்தைப் பார்த்துத்தான் வயது. ஓட்டைத் தப்பான ஆளுக்குப் போட்டுவிட்டால் ஐந்து வருஷத்தில் மாற்றிப் போடலாம். கல்லீரலுக்கு அப்படி ஒரு தேர்தல் கிடையாது.

இரண்டாவதை இளைஞர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது நமது எண்ணம். எல்லோரும் இதைக் "குடிக்கும் வயது" என்கிறார்கள். விதியைப் பார்த்தால் அது குடிப்பவனைப் பற்றியதே அல்ல, விற்பவனைப் பற்றியது. 21 ஆகாதவனுக்கு விற்காதே என்று கடைக்காரனைப் பார்த்துச் சொல்கிறது. பையனைப் பிடித்து உள்ளே போடும் சட்டம் இதுவல்ல. பையனின் ஆசையிலும் அறியாமையிலும் லாபம் சம்பாதிக்காதே என்று வியாபாரிக்குப் போடும் தடை. தம்பிமார் இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். உன் உரிமையைப் பறிப்பதாக நீ நினைக்கிறாய். உண்மையில் தடுக்கப்படுவது உன் சட்டைப் பையில் கை விடுகிறவனுடைய உரிமை.

வைத்தியர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனிதனின் மூளை இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்ந்து பக்குவப்படுகிறது. யோசித்து நிதானிக்கும் பகுதிதான் கடைசியாக முதிர்கிறது. அதற்கு முன்பே குடியில் இறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் அது விடமுடியாத பழக்கமாகும் வாய்ப்பு அதிகம். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே அறிவித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 26 லட்சம் பேர் மதுவினால் மாண்டார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு பெரிய நகரமே காலியாவதற்குச் சமம்.

மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்பவர்களுக்காக: அமெரிக்காவில் 1984-இல் சட்டம் போட்டு எல்லா மாநிலங்களையும் 21-க்குக் கொண்டு வந்தார்கள், அதன் பிறகு இளைஞர்களின் சாலைச் சாவு குறைந்தது. இலங்கையில் 2006 முதல் 21. தமிழ்நாட்டிலும் 21. கேரளம் அதையும் தாண்டி 23-க்குப் போயிருக்கிறது. பக்கத்துச் சிங்கப்பூரில் 18 தான். உலகம் ஒரே மாதிரி இல்லை. அது கிடக்கட்டும், நம் தோட்டத்துக்கு வருவோம்.

நம் பக்கத்தில் உண்மையான சண்டை 18-க்கும் 21-க்கும் இடையில் நடப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இங்கே கேள்வி 14 வயதிலும் 15 வயதிலும் வந்துவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டிலோ மூன்றிலோ இருக்கிற பிள்ளை முதல் மடக்கைக் குடிப்பது கடையில் அல்ல. கோயில் திருவிழாவின்போது தேர் நகர்ந்த பிறகு கொட்டகைக்குப் பின்னால். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தல் ஓய்ந்த பிறகு அண்ணன்மார் கூட்டத்தில். சில வேளைகளில் இழவு வீட்டிலேயே, பாடை தூக்கின களைப்புக்கு என்று சொல்லி. கொடுப்பவன் அந்நியன் அல்ல. மாமன், சித்தப்பன், ஒன்றுவிட்ட அண்ணன். "ஆம்பளப் புள்ளதானே, ஒரு மடக்குதானே" என்று சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுக்கிறார்கள். சுற்றி நிற்கும் பெண்டுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். எந்தப் பலகை வந்து அங்கே தடுக்கும்?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் சில அப்பாமார்களுக்குக் கோபம் வரும், வரட்டும். "டேய், ஓடிப்போயி அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்று பத்து வெள்ளியை நீட்டிப் பையனை அனுப்புவது இன்றும் நம்மிடையே இருக்கிறது. கடைக்காரரும் "யாருக்குடா, அப்பாவுக்கா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார். அப்பாவுக்கு வாங்கினாலும் தாத்தாவுக்கு வாங்கினாலும் 21 ஆகாத கையில் கொடுத்தால் விற்றவர் விதியை மீறியவர்தான். கடைக்காரர் கதை அத்தோடு போகட்டும். அந்தப் பையனை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை அவனுக்குக் காட்டியது அம்மா. இந்தக் கடைக்குப் போகும் வழியைக் காட்டியது யார்?

"அவன் வயசு எனக்கு எப்படிங்க தெரியும்? மீசை வச்சிருந்தான்" என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த வருஷம், மாதம், தேதி. நாலு எழுத்துப் படித்தவன் அரை நிமிஷத்தில் கணக்குப் பார்த்துவிடலாம். அட்டையைக் காட்டச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்ற பயம்தான் காரணமே தவிர, மீசை அல்ல.

இந்தப் பகுதிக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. சிலாங்கூரின் இந்தக் கடலோரம் தென்னை விளைந்த மண். ரப்பரும் செம்பனையும் உள்ளே விரிந்து கிடந்தாலும் கரையோரமெங்கும் தென்னந்தோப்பு. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் விடியலில் இனிப்பாக இருப்பது மத்தியானத்துக்குள் நுரைத்துப் புளித்துவிடும். வெள்ளைக்காரத் துரைமார்கள் அதைப் பார்த்தார்கள். லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை வைக்க அனுமதித்தார்கள். காலையில் பால்வெட்டிச் சம்பாதித்த காசு சாயங்காலம் அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பிப் போயிற்று. அந்த லாபத்தில் தொழிலாளர் நலனுக்கு என்று கொஞ்சம் ஒதுக்கியதாகச் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டார்கள். நம்மவர் குடித்த காசில் நம்மவருக்கே தருமம்! கடையைக் கட்டி வைத்தவனே பிற்பாடு, "இந்தியத் தொழிலாளியா, குடிகாரன்" என்று முத்திரையும் குத்தினான். அந்த முத்திரையை இன்றும் நம் பிள்ளைகள் நெற்றியில் சுமக்கிறார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில்கூட இந்த ஏச்சைக் கேட்க நேர்வது கொடுமை.

ஆனால் நம் முன்னோர்கள் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். இன்றைய இளைஞர்களுக்கு இந்த வரலாறு தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1921-இல் ஈரோட்டுப் பெரியார் கள்ளுக்கடை மறியலின்போது தமக்குச் சொந்தமான தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவர் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்தார். அக்காலத்தில் எழுந்த சீர்திருத்தப் பேச்சு தோட்டப்புறங்களிலும் பரவிற்று. பிறகு வந்தது 1941. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டு சிலாங்கூரின் பல பகுதிகளுக்கும் பரவியது. அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளை வாசித்தால் இன்றும் நெஞ்சு நிமிரும். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். நம் பெண்களைத் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம் வேண்டும், வைத்திய வசதி வேண்டும் என்றார்கள். அவற்றோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கவனியுங்கள். இதைக் கேட்டது சர்க்கார் அல்ல, பாதிரியார் அல்ல, வைத்தியர் அல்ல. குடிக்கப் பழக்கப்பட்ட அதே தொழிலாளிதான் கேட்டான். சம்பளம் கூட்டித் தந்தால் மட்டும் போதாது. தந்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் கடையும் போக வேண்டும் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகையில் பணிபுரிந்தவரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவருமான ஆர்.எச்.நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு கெடா மாநிலம் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி அமைத்த தொண்டர் படை, 1946-47-இல் அதே கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. போலீசாருடன் மோதலும் உயிர்ச்சேதமும் ஏற்பட்டன. அந்தப் படையில் சேர்ந்த இளவட்டங்கள் குடிக்க உரிமை கேட்கவில்லை. அவர்கள் கடையை மூடச் சொன்னார்கள். இன்றைய தம்பிமாருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

அன்றைக்குத் துரைமார் சொன்ன வாதம் ஒன்று உண்டு: கள்ளுக்கடையை மூடினால் கூலிகள் கள்ளச் சம்சுவுக்குப் போய்விடுவார்கள் என்பது. தங்கள் கடையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வாதம்தான் அது. என்றாலும் பிற்காலத்தில் நடந்ததைப் பார்க்கும்போது அதில் ஒரு பாதி பலித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடத்தில் பால்வடிந்த பானை வரவில்லை, சம்சு வந்தது. கள்ளில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து என்றால் சம்சுவில் அது முப்பத்தைந்து, நாற்பது. "கள்ளு உடம்புக்கு நல்லதுங்க, சூட்டைத் தணிக்கும்" என்று இன்னமும் சொல்லும் பெரியவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மொந்தைக் கள்ளுக்கும் சம்சுவுக்கும் உள்ள தூரம் பெரிது. அதை ஒரே தராசில் வைத்து எடை போட முடியாது.

இந்தச் சம்சு அடக்கமான சின்னப் போத்தலில் வந்தது. கால்சட்டைப் பையில் ஒளிந்துகொள்ளும். விலையோ அற்பம். பள்ளிக்கூடப் பிள்ளையின் கைச்செலவுக் காசுக்குள் அடங்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருஷங்களாக இதை எதிர்த்துக் குரல் கொடுத்துப் போராடியது. 2017-இல் வயது உயர்ந்தபோது கூடவே இன்னொரு விதியும் வந்தது. கலந்து தயாரிக்கும் கடும் மதுபானத்தை 700 மில்லி லிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் அடைத்து விற்க வேண்டும். 21 என்ற எண்ணைப் பற்றி ஊரே பேசுகிறது, இந்த 700-ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் இரண்டாவதுதான் பெரிய விதி என்பது நமது அபிப்பிராயம். வயதைக் கேட்காத கடையும் போத்தலின் விலையைக் கேட்டே தீரும். இதற்கும் நம் பிள்ளைகள் வழி கண்டுபிடிக்காமல் இல்லை. ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டுக் கூட்டாக வாங்கிக்கொள்கிறார்கள். முன்பு தனியாகக் கெட்டவன் இப்போது நாலு பேரைச் சேர்த்துக்கொள்கிறான்.

இனி லைசென்ஸ் இல்லாத இடங்களுக்கு வருவோம். இங்கேதான் உயிர் போகிறது.

பெயர்ப்பலகை இல்லாத வீட்டுக் கொல்லையில், பூட்டின கடையின் பின்கதவில், கார் டிக்கியில் விற்கும் சரக்குக்கு வயதும் கிடையாது, வரியும் கிடையாது, முத்திரையும் கிடையாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இப்படிப்பட்ட போலிச் சரக்கைக் குடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் செத்து விழுந்தார்கள். மாண்டவர்களில் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்த வாலிபர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அன்றாடக் கூலிக்காரர்கள். கணவன் மனைவி இருவருமே போய்ப் பிள்ளைகள் அநாதையான வீடுகளும் உண்டு. இரண்டிலும் கொன்றது மெத்தனால்.

மெத்தனால் என்பது தொழிற்சாலையில் பயன்படும் ஒருவகைச் சாராயம். நிறத்திலும் வாடையிலும் சாதாரணச் சாராயம் போலவே இருக்கும். நாக்கு காட்டிக்கொடுக்காது. குடித்தவுடன் ஒன்றும் ஆகாது, அதுதான் ஏமாற்று. கல்லீரல் அதை மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக மாற்றும். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வயிற்றுவலி, வாந்தி, தலைசுற்றல், மூச்சு இரைத்தல். கண் மங்கி, பனிமூட்டத்துக்குள் நிற்பது போலத் தெரியும். இதை "ராத்திரி அடிச்ச மப்பு இன்னும் இறங்கல" என்று நினைத்துப் படுக்கப் போட்டுவிட்டால் பார்வை போகும் அல்லது ஆளே போவான். இதற்கு மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. நேரத்துக்குக் கொண்டுபோனால் காப்பாற்றலாம். சபாக் பெர்ணத்திலும் தஞ்சோங் காராங்கிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஆற்றுக்கு அக்கரையில் தெலுக் இந்தானிலும் இருக்கிறது. மிச்சம் இருக்கிற போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மானம் போகும் என்று பயந்து மறைத்தால் அந்த நாலு பேரும் வீட்டில் கிடந்து சாவார்கள்.

வயது வரம்பை உயர்த்தியதால்தான் பிள்ளைகள் கள்ளச் சரக்குக்குப் போகிறார்கள், ஆகையால் 18-க்கே இறக்கிவிடுங்கள் என்று வாதிப்போரும் உண்டு. இதை நாம் ஏற்கவில்லை. கள்ளச் சரக்கு 18 இருந்தபோதும் இருந்தது. அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வயது குறைந்தவர்கள் அல்லர், காசு குறைந்தவர்கள். மலிவு என்பதுதான் அங்கே இழுக்கும் கயிறு. ஆகவே சட்டத்தை இறக்குவதால் கொல்லைக் கடை மூடாது. பிடிக்க வேண்டிய ஆள் வேறு. சுங்க இலாகா அவ்வப்போது லாரிக் கணக்கில் பிடிப்பதாகச் செய்தி வாசிக்கிறோம், சந்தோஷம். ஆனால் தோட்டத்துக்கு உள்ளே, எந்த வீட்டில் விற்கிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிற விஷயம் அதிகாரிகளுக்கு மட்டும் தெரியாமல் போவது எப்படி? வயது விதியைக் கவனிக்க வேண்டியது சுகாதார இலாகா. வரி கட்டாத சரக்கைப் பிடிக்க வேண்டியது சுங்க இலாகா. இரண்டுக்கும் நடுவில் நம் லயங்கள் விழுந்துவிடுகின்றன. பட்டணத்துக் கடைகளைச் சுற்றிவரும் சோதனை வண்டி, செம்மண் சாலையில் மூன்று மைல் உள்ளே வருவதற்கு யோசிக்கிறது.

சாலை என்றதும் மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. குடித்துவிட்டு ஓட்டுவோருக்கான சட்டம் 2020 அக்டோபர் 23 முதல் கடுமையாகிவிட்டது. நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விட்டுவைத்தது போய், இப்போது 50-க்கு மேல் இருந்தாலே குற்றம். குடிபோதையில் ஓட்டி ஓர் உயிர் போனால் முதல் தடவைக்கே பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை, ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். வீட்டில் ஒரே மகன், அவனுக்கு மாதத் தவணையில் ஒரு மோட்டார், சனிக்கிழமை ராத்திரி, விளக்கில்லாத சாலை. மேற்கொண்டு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி குடிக்குப் போனால் மாதம் 300. ஆறில் ஒரு பங்குக்கும் மேல்! சம்பளத்தில் இருநூறு வெள்ளி ஏற்றம் கேட்டுத் தொழிற்சங்கம் எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது என்பது தொழிலாளர்களுக்குத் தெரியும். அதைவிட அதிகமானதைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயம் இடிந்து, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு இளைஞன் சாயங்காலம் போக ஓர் இடம் இல்லை. முன்பு பந்து விளையாடிய திடல் இருந்தது. படிப்பகம் இருந்தது, நாடக ஒத்திகை இருந்தது, சங்கக் கிளை இருந்தது. படிவம் ஐந்தோடு நின்றவனுக்குப் பக்கத்தில் வேலை இல்லை. தூரத்தில் வேலைக்குப் போகப் பஸ் இல்லை. நாலு சுவரும் ஒரு கைத்தொலைபேசியும்தான். அவனை அழைத்து மரியாதையாக உட்காரவைத்துப் பேசுகிற ஒரே கூட்டம் குடிக்கிற கூட்டமாக இருந்தால் அவன் அங்கேதான் போவான். 21 என்று பலகை மாட்டிய சர்க்கார், அந்த 21 வயது வரைக்கும் அவன் எங்கே போவது என்பதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கலாம்.

ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் குடித்தவனை அறையில் அடைத்துப் பூட்டி, சாமி முன்னால் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தச் செய்வது நம் வீடுகளில் வழக்கம். அதிகமாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி பேதலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கார் கிளினிக்கில் டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்தோடு நிறுத்தவைப்பதே சரி. சத்தியத்தை வேண்டுமானால் அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துக் கோயில் கமிட்டிகளுக்கு நமது வேண்டுகோள், வரும் திருவிழாவுக்குக் கூட்டம் போடும்போது தேர்ச் செலவு, மேளச் செலவோடு இதையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள் என்பதே. கொட்டகைக்குப் பின்னால் யார் காவல் நிற்பது, பள்ளிப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பவரை எந்த மரியாதையிலிருந்து தள்ளி வைப்பது என்று பெயர் குறித்து முடிவு செய்யுங்கள். "நம்ம ஆளுதானே" என்ற பேச்சுக்கு அங்கே இடம் வேண்டாம். தாய்மார்களையும் அந்தக் கூட்டத்தில் உட்காரவைத்தால் முடிவு சீக்கிரம் வரும் என்பது நாம் கண்ட அனுபவம்.

தோட்டத் தண்டல்மார்களிடம் இன்னொன்று கேட்கிறோம். இன்று நம் மரங்களின் கீழே நம்மோடு சேர்ந்து வெட்டுகிறவர்கள் நேப்பாளப் பிள்ளைகள், வங்காளதேசப் பிள்ளைகள், இந்தோனேசியப் பிள்ளைகள். பெற்றவர்களை விட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள். 2018-இல் செத்தவர்கள் அவர்களைப் போன்றவர்களே. போத்தலில் மலாய் மொழியில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவர் அவர்களில் பலர். எந்த வீட்டுச் சரக்கு ஆபத்து, கண் மங்கினால் எங்கே ஓட வேண்டும் என்பதைக் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்ததும் அவர்களுக்குப் புரிகிற மலாயில் சொல்லிவிடலாம். ஐந்து நிமிஷம் பிடிக்கும்.